யோஹானுக்கு எள்ளும் தண்ணீரும்

தீ அலாரம் அடித்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடுப்பை அணைத்தேன். வளைகுடாவுக்கு வந்து, இந்த ரூவி நகரத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேப்டி ஆபீசராக இருக்கிறேன். எந்த அவசரத்திலும் நிதானம் தவற மாட்டேன். நிஜாம் பாய், இன்ஸ்பெக்டருக்கு மெதுவாகவே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

யோஹானிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனிக்காரர். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு இயந்திரம் பழுதுபார்க்க வந்து, வீரம்மாள் என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தியவர். என் அப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தா. எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய்த்த பூனைக்கண் அவர் கொடுத்தது. போன வருஷம் எச்சிலை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி, ஸ்டுட்கார்ட்டில் ஒரு தூரத்து உறவுக்காரியைக் கண்டுபிடித்தேன். யோஹான் எப்படி இறந்தார் என்று அந்த அம்மாள் கேட்டார். இங்கே எங்களோடு இருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"காலரா. வீரம்மாளோட அண்ணனுங்க காபிக் கிடங்குல வச்சுப் பூட்டிட்டானுங்க. தண்ணி தண்ணின்னு கத்தியே செத்தாராம். அந்தம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லித் தொலைக்காதடா, மானம் போயிரும்."

அதற்குப் பிறகுதான் எங்கள் சமையலறைக் குழாய் தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது. பட்டப்பகலில் ஹாலைக் கடந்து கனமான பூட்ஸ் சத்தம் வரும். குழாயடியில் நிற்கும். நான் குழாயை மூடினால் திரும்பிப் போகும். மனைவி ராதாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் வேறு ரத்தம்.

சேலத்தில் கல்யாணசுந்தரம் ஐயருக்குப் போன் செய்தேன். முன்னோர் ஒருவர் தாகத்தோடு அலைகிறார் என்று மட்டும் சொன்னேன். அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விட்டால் அடங்கும் என்றார். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும் மகன் எள்ளைத் தொடக்கூடாதாம். அப்பாதான் விட வேண்டுமாம்.

அப்பா சிரித்தார். "துரைக்கு எள்ளுத்தண்ணியா? பீர் வாங்கி ஊத்துடா, குடிச்சுட்டுப் போவட்டும்."

மறுபடி மறுபடி கேட்டேன். ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார்: "நச்சரிக்காதடா. நான் போனப்புறம் நீயே ஆச தீர ஊத்து."

அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, துடைப்பது, டயபர் மாற்றுவது எல்லாம் நான்தான். அது எனக்கு ஒருபோதும் பாரமாக இருந்ததில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்று கீழ்த்தளத்து ஏசியில் தீப்பிடித்து, புகை மாடிப்படி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. ராதா டூட்டிக்குப் போயிருந்தாள்.

"ராஜீவு, என்னடா சத்தம்?"

"சும்மா டிரில்லுப்பா. படுத்துக்கோங்க."

அவரைப் பயமுறுத்த எனக்கு மனமில்லை. கதவின் அடியில் ஈரத்துணியைச் செருகச் சொல்லிக் கம்பெனியில் பாடம் எடுப்பவன் நான். செருகவில்லை. வெளியே பூட்டிக்கொண்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கீழே நின்று தலைகளை எண்ணியதும் நான்தான். "அப்பாஜி எங்கே, சார்?" என்று வாட்ச்மேன் சாகிர் கேட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். அதனால் எங்கள் வீட்டுக்குக் கடைசியில்தான் ஆள் போனது.

பிறகு, பதற்றத்தில் பூட்டிவிட்டேன், பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று அழுதேன். எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். சாகிர்கூட.

அப்பா உள்ளிருந்து கூப்பிட்டாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார் இல்லையா? கூப்பிட்டார். படியில் இறங்கும்போது காதில் விழுந்தது. தண்ணீர் கேட்டார்.

காரியத்தன்று ஐயர் வீடியோவில் வந்தார். எள் என் உள்ளங்கையில் இருந்தது. பெயர்களைச் சொல்லச் சொன்னார். அப்பா பன்னீர்செல்வம், தாத்தா வீரபாண்டி, கொள்ளுத்தாத்தா சோலைமுத்து என்று சொல்லி, கடைசியாக, தாகத்தோடு அலையும் ஜெர்மனிக்காரர் யோஹான் என்றேன். ஐயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

வீட்டில் பூட்ஸ் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அதன் பின்னால் இப்போது இடது காலை இழுத்துக்கொண்டு இன்னொருவரும் குழாயடிக்கு வருகிறார். யாரும் பிடிக்காமல் நானாகவே இங்கே வந்ததற்குக் காரணம் அன்று ஐயர் சொன்னதுதான்.

"மூணு தலைமுறைக்குத்தான் தம்பி தண்ணி போய்ச் சேரும், அந்தத் துரை உங்கப்பாவுக்கு மூணாவது, உங்களுக்கு நாலாவது — உங்கப்பா உசுரோட இருந்து விட்டிருந்தாத்தான் அவருக்குக் கெடச்சிருக்கும்."