மனாமாவில் இறந்த ஏசி மெக்கானிக் அப்துல் சமத் பற்றி நீரஜா சொன்னது

நாள்: 27.7.1999. உதவி ஆய்வாளர் முன்பாகச் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் நீரஜா. வயது 27. மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்புறச் சந்தில் தாயார் சுப்புலக்ஷ்மியுடன் வசித்து வருகிறேன். தியாகராய நகர் பாண்டி பஜார் அருகே ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வைத்து இயக்கும் கட்டிடத்துக்கு டேட்டா சென்டர் என்று பெயர். உலகத்தில் எந்த ஊரில் அப்படிப்பட்ட கட்டிடம் இருக்கிறது என்று இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கும் வசதியை எங்கள் நிறுவனம் செய்து வருகிறது. அந்தந்த இடத்துக்கு போன் செய்து, எத்தனை ஏசி என்பது வரை விவரம் சரிதானா என்று கேட்டுப் பதிவது என் வேலை.

அப்துல் சமத் எங்கள் ஆபீஸுக்கு ஏசி பழுது பார்க்க வந்துபோன வகையில் எனக்குத் தெரிந்தவர். 1998 அக்டோபரில், ஆழ்வார்பேட்டையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பஞ்சாட்சரம் என்பவர் மூலம் பஹ்ரைன் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். "நீங்க போன் போட்டு விசாரிக்கிறீங்களே மேடம், அந்த மாதிரி எடத்துலதான் எனக்கு வேல" என்றார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இந்த வருடம் மார்ச் 10-ம் தேதி, மனாமா நகரில் உள்ள ஒரு டேட்டா சென்டருக்கு வழக்கம்போல் போன் செய்தேன். எடுத்தவர், மூன்று நாள் முன்பு தீயணைப்பு வாயு தானாகத் திறந்துகொண்டு, உள்ளே வேலை செய்த ஆள் ஒருவர் மூச்சு முட்டி இறந்துவிட்டதாகவும், இப்போது எல்லாம் சரிசெய்யப்பட்டு நடப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். நான் 'இயங்குகிறது' என்று பதிந்தேன். இறந்தவரைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. நான் பெயரும் கேட்கவில்லை. அதன்பிறகு அடுத்த நம்பருக்கு போன் செய்தேன்.

ஜூலை 19-ம் தேதி திங்கட்கிழமை காலை, அப்துல் சமத்தின் மனைவி வஜீஹா, வயது சுமார் 30, எங்கள் ஆபீஸுக்கு வந்தார். பிப்ரவரிக்குப் பிறகு கணவரிடமிருந்து கடிதம் இல்லை என்றும், ஏப்ரல் மாதம் பஞ்சாட்சரத்தைக் கேட்டதற்கு, "உன் புருஷன் வேலைய வுட்டு ஓடிட்டான், அங்க வேற பொம்பளயோட கீறான்" என்று சொன்னதாகவும் தெரிவித்தார். "ஓடினாலும் பரவால்ல மேடம், எங்க கீறார்னு தெரிஞ்சா போதும்" என்றார். கடைசிக் கடிதத்தைக் காட்டினார். அதில் விலாசம் இல்லை. ஜன்னலில் கடல் தெரிவதாகவும், ஒரே ஹாலில் இருபத்திரண்டு ஏசி ஓடுவதாகவும், வேலை முடிந்து வெளியே வந்தால் வெயில் இதமாக இருப்பதாகவும் எழுதியிருந்தது.

அதன்பிறகு நான் தேடும் பக்கத்தில் பஹ்ரைன் நாட்டையும், இருபத்திரண்டு ஏசி என்பதையும் கொடுத்துத் தேடினேன். ஒரே ஒரு இடம் வந்தது. சரிபார்த்த தேதி மார்ச் 10, சரிபார்த்தவர் நீரஜா என்று அதில் இருந்தது. வஜீஹா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு போன் பண்ணிக் கேட்டுண்டு, நானே ஆத்துக்கு வந்து சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் போன் செய்ததில், மார்ச் 7-ம் தேதி இறந்தவர் அப்துல் சமத்தான் என்றும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் சொன்னார்கள். வீட்டு வேலை விசாவில் வந்திருந்த அவருடைய காகிதங்களில் ஊர் விலாசமாகப் பஞ்சாட்சரத்தின் ஆபீஸ்தான் இருந்தது என்றும், மறுநாளே அங்கே தகவல் அனுப்பியதாகவும் சொல்லி, இறப்புச் சான்றை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். அதை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

21-ம் தேதி மாலை, மயிலாப்பூரில் பள்ளிவாசலுக்கு அருகே உள்ள வஜீஹாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மார்ச் மாதமே என்னிடம் ஒருவர் இறந்ததைச் சொன்னார்கள், நான் பெயர் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் தேதியை மட்டும் திரும்பக் கேட்டு, விரல் விட்டு எண்ணினார். அதன்பிறகு, "அவரு மண்ணுல கீறாரு, நான் தங்கச்சி கல்யாணத்துக்கு மருதாணி வெச்சிக்கினு போனேன்மா. ஓடிப்போன ஆளுக்கு நான் இன்னாத்துக்கு அழணும்னு பூவும் வெச்சிக்கினேன்" என்றார்.

கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வீட்டோடு இருந்து துக்கம் காப்பதை இத்தா என்கிறார்கள். மறுநாள் வஜீஹாவின் அண்ணன் குலாம் முகம்மது பள்ளிவாசலில் போய்க் கேட்டதில், அது தெரியவந்த நாளிலிருந்து அல்ல, இறந்த நாளிலிருந்து கணக்கு என்றும், ஆகவே போன வாரமே முடிந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் வஜீஹாவிடம் சொன்னபோது நானும் இருந்தேன். "முடிஞ்சது அவங்க கணக்குக்கு" என்று சொல்லி வஜீஹா உள்ளே போய்விட்டார். அன்று முதல் அவர் வாசலுக்கு வரவில்லை. ஆகையால்தான் பஞ்சாட்சரத்தின் மீதான புகாரைக் குலாம் முகம்மதுவும் நானும் கொண்டுவந்தோம்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை. எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்) நீரஜா