மேகத்தில் கோளாறு இல்லை

மேகம் செய்ய நல்ல பருத்தித் துணியும் கொஞ்சம் பொறுமையும் போதும், நீதிபதி ஐயா. முப்பது வருடமாக வெனிஸின் ஓபரா அரங்குகளில் தெய்வங்களை வானத்திலிருந்து இறக்கி வருகிறேன். ஒருவருக்கும் சிராய்ப்புகூடப் பட்டதில்லை. அதனால்தான் உங்கள் அறிக்கையில் ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் நானாகவே வந்தேன்.

என் தாத்தா காலத்தில் இந்தப் பாட்டு நாடகமெல்லாம் பிளாரன்ஸ் பிரபுக்களின் கல்யாண விருந்துக்குத்தான். சீட்டு வாங்கினால் படகோட்டியும் பார்க்கலாம் என்று ஆனது எங்கள் ஊரில். அவன் பார்க்க வந்தது என் மேகத்தை, உருளும் அலைகளை, தீப்பற்றும் கோட்டையை. நடுவில் யாராவது பாடுவார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஒர்சேத்தா பாட வந்தாள். வீனஸ் வேடத்தில் என் மேகத்தில் இறங்குவாள். பாதி வழியில் பாட்டு முடியும். “இன்னொரு தடவை!” என்று ஜனங்கள் கத்துவார்கள். அவள் கையசைப்பாள், நாங்கள் மேகத்தை அந்தரத்திலேயே நிறுத்த வேண்டும். கீழே எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். இரண்டு மாதம் உழைத்து நான் செய்த வானம் தலைக்கு மேலே நிற்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

மேகத்தில் ஏறுபவரை ஆட்டத்துக்கு முன் எடை போட்டுப் பார்த்து, அந்த எடைக்குக் கயிற்றின் மறுமுனையில் மணல் மூட்டை கட்டுவது எங்கள் வழக்கம். அவள் மட்டும் தராசில் ஏற மாட்டாள்.

“பொம்பளகிட்ட எடை கேக்குறீரே, வெக்கமா இல்ல மேகக்காரரே? உம்ம பொண்டாட்டிய ஏத்திப் பாரும்!”

கயிறு பிடிப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரும் பழைய கப்பல்காரர்கள். அவர்களில் மூத்தவன் பாஸ்டியான்.

“உத்தேசமா கட்டிரவாண்ணே?” என்றான்.

“கட்டு,” என்றேன்.

உத்தேசம் தப்பிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். பத்தொன்பது ஆட்டம் அவளைச் சுமந்த கை இது. சாப்பிட்டு வந்தாளா, பசியோடு வந்தாளா என்றுகூடக் கயிறு சொல்லிவிடும். இருபதாவது ஆட்டத்தன்று பாஸ்டியான் ஒயின் குடிக்கப் போனபோது மூன்று மூட்டைகளை அவிழ்த்து வைத்தேன். கயிற்றுக்காரர்களில் பாதிப் பேரை அலை உருட்ட அனுப்பினேன். மீதிப் பேர் இரண்டாம் தடவைப் பாட்டின் முதல் வரி வரை தாங்குவார்கள் என்று கணக்கிட்டேன். நல்ல ஆட்கள், மூன்றாம் வரி வரை தாங்கினார்கள்.

அவள் விழும் உயரத்தையும் யோசித்தே வைத்தேன். அதற்கு மேலே என்றால் உயிர் போயிருக்கும். இடுப்பும் இரண்டு தொடையும்தான் முறிந்தன. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிச்சு சரியில்லை என்று பாஸ்டியானைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது நல்ல முடிச்சு.

அவளைப் போய்ப் பார்த்தேன். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னாலதான் உமக்குக் கெட்ட பேரு. ஒரு தடவ தராசுல ஏறியிருந்தா என்ன கொறஞ்சுபோயிருக்கும்?” என்று அழுதாள்.

நான் மறுக்கவில்லை. உடம்பு சரியில்லாதவளிடம் வாதாடுவது முறையல்ல.

தண்டனைக் காலத்தைக் கொஞ்சம் குறைவாகக் கொடுங்கள், ஐயா. அடுத்த கார்னிவல் திருவிழாவுக்கு அவள் பாடியாக வேண்டும். இனி அவளால் நடக்க முடியாது, நான்தான் தூக்கிவர வேண்டும். வேறு யார் கையையும் அவள் நம்ப மாட்டாள்.