நோட்டு லேபிள்

சந்திரிகா: அன்னைக்குக் காலைலகூட உங்க அண்ணன் அந்த சி.டி.யைத்தான் போட்டுக்கினு இருந்தாரு, நாகராஜ். எட்டாவது பாட்டு திக்கித் திக்கி... ‘நிறுத்துங்க, தலை வெடிக்குது’ன்னேன். நிறுத்திட்டு, கூடையை எடுத்துக்கினு ஊரூர் குப்பத்துக்கு மீன் வாங்கப் போனாரு. கூடைதான் திரும்பி வந்துச்சு.

நாகராஜ்: உக்காருங்க அண்ணி, மொதல்ல...

சந்திரிகா: உக்கார வரல. அடையாறுலேர்ந்து தி.நகருக்கு மூணாவது வாட்டி பஸ் ஏறி வர்றேன். உன் கம்ப்யூட்டர் கடையிலதானே கீது சி.டி.? இன்னா ஆச்சு?

நாகராஜ்: ஏழு பாட்டு சுத்தமா வந்துடுச்சு.

சந்திரிகா: சினிமாப் பாட்டு எனக்கு எதுக்குடா? போன்லயே கீது. கடைசியா அவரே பாடிச் சேர்த்தாரே, பன்னெண்டாவது... அது?

நாகராஜ்: இன்னும் ஒரு வாரம்...

சந்திரிகா: போன வாரமும் இதான் சொன்ன.

நாகராஜ்: வீட்டுக் கம்ப்யூட்டர்ல இல்லியா?

சந்திரிகா: அது பழைய இரும்புக்குப் போய் ஆறு வருஷம் ஆச்சு.

நாகராஜ்: ஸ்கூல் நோட்டு லேபிளை சி.டி. மேல ஒட்டாதீங்கன்னு அண்ணன்கிட்ட எத்தினி வாட்டி சொன்னேன்! ஒரு பக்கம் கனமாயி, சுத்தறப்ப ஆடும். அதான் திக்கிச்சு.

சந்திரிகா: கேக்கற ஆளா? குக்கர்லயே பேர் ஒட்டினவரு.

நாகராஜ்: என் ஹெல்மெட்லகூட... சரி, லேபிளை யாரு உரிச்சது?

சந்திரிகா: வேலைக்கு வர்றாளே அம்மாசி... துடைக்கறப்ப பிஞ்சிடுச்சாம்.

நாகராஜ்: துடைச்சாப் பிய்யாது அண்ணி. நகத்தால...

சந்திரிகா: அதுக்கு இன்னா இப்போ? மேல்பக்கம்தானே! பாட்டு கீழ, மினுமினுன்னு கீதே, அங்கதானே?

நாகராஜ்: எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. பாட்டு இருக்கறது அந்த வெள்ளிப் பூச்சுல. பூச்சு லேபிளுக்கு நேர் கீழ; லேபிளை உரிச்சா அதுவும் கூடவே வந்துடும். இந்தாங்க சி.டி., வெளிச்சத்துல பிடிங்க...

சந்திரிகா: ...என் விரல் தெரியுது.

நாகராஜ்: கடைசிப் பாட்டு ஓரத்துலதான் ஏறும். அது இனிமே வராது. எனக்கு மொத நாளே தெரியும் அண்ணி... சொல்ல வாய் வரல.

சந்திரிகா: ...இந்தா, பாரு. இந்த லேபிளுக்குப் பின்னால ஒட்டிக்கினு மினுக்குதே, பசைன்னு நெனச்சேன். இதுவா?

நாகராஜ்: இது... உங்க பர்ஸ்ல எப்படி?

சந்திரிகா: அம்மாசி இல்ல, நான்தான் உரிச்சேன். அவர் கையெழுத்தாச்சேன்னு. மடிக்காதே, குடு. ‘பெயர்: அசோகன். வகுப்பு: வீடு.’ ஒரு எழுத்துகூட அழியல.