பனியில் வைத்த ரொட்டி

— கையெழுத்து எதுக்கு தாயி? பாடினது வாயி, கை இல்லையே.

— அது சட்டம், ஒப்துலியா அக்கா. உங்க குரலை என் ஆய்வுல சேக்கணும்னா நீங்க சம்மதிச்சு எழுதித் தரணும். திங்கக்கிழமை ஒப்படைக்கணும்.

— ஸ்பெயின்ல பொறந்து, ஸ்பானிஷ்லயே பேசி, அதையே அஞ்சு வருஷமா படிக்கிறே பாரு! அதுக்கு டாக்டர் பட்டம் வேற. என் இருமலுக்கு மருந்து குடுப்பியா நூரியா?

— கிண்டல் பண்ணாதீங்கக்கா. நாலாம் அத்தியாயமே உங்க பாட்டுதான்.

— இரு, ரொட்டியைத் திருப்பிட்டு வரேன். ம். என்ன எழுதியிருக்கே?

— நானூறு வருஷத்துப் பாட்டு. வாய்வழியா வந்தது. கட்டினவர் பேர் தெரியலைன்னு.

— ஒப்துலியான்னு போடு.

— என்னது?

— நான் கட்டினது தாயி. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. இந்த மாதிரிதான் ஏரியிலேர்ந்து பனிமூட்டம் ஏறி வந்து, சன்னலெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. தூக்கமா முழிப்பான்னே தெரியல. வாய் தானா பாடுச்சு.

— உங்கம்மா பாடினதுன்னு சொன்னீங்களே!

— எங்கம்மாவுக்கு ரேடியோ பாட்டுதான் தெரியும். நீ மழையில நனைஞ்ச கோழியாட்டம் வந்து நின்னு, பழைய பாட்டு இருக்கா, பழைய பாட்டு இருக்கான்னே. வாசல்ல வந்த பிள்ளையை வெறுங்கையோட எப்படி அனுப்புறது?

— ஐயோ அக்கா! இல்ல, இருக்கவே முடியாது. கோடையில கலீசியாக் கடற்கரையில இதே பாட்டைப் பதிவு பண்ணேன். வலை பின்னுற ஒருத்தர் பாடினாரு. ஒட்டுறவே இல்லாத ரெண்டு ஊர்ல ஒரே பாட்டு இருந்தா அது பழசுதான். எங்க கணக்கே அதுதான்.

— வலை பின்னுறவனா? பேரு?

— கேட்டேன். சிரிச்சாரு, சொல்லல.

— உன்னைத் தவிர நான் அதை ஒரே ஒருத்தனுக்குத்தான் பாடினேன். காட்டுல செஸ்நட் கொட்டை பொறுக்க வந்தவன். இந்த மேசையிலதான் உக்காந்திருந்தான். அடுத்த வாரம் வரேன்னு போனவன்தான், திரும்பி வரல.

— ஃபோன்லயே இருக்கு. கேளுங்க.

— சத்தமா வை... தட்டுறான். கேட்டியா? கட்டைவிரலால ரெண்டு தட்டு, அப்புறம்தான் பாடுவான்.

— *பனியில ரொட்டி வெச்சேன், பறவை தின்னு போச்சு. வழியில வெளக்கு வெச்சேன், காத்து தின்னு போச்சு.*

— குரலு கிழண்டு போச்சு. ஆனா அவன்தான்.

— அப்போ என் அத்தியாயம் அவ்வளவுதான். அஞ்சு வருஷம் அக்கா! நானூறு வருஷம்னு அடிச்சு எழுதியிருக்கேன்.

— உஷ். இன்னும் பாடுறானே.

— அது கடைசிக் கண்ணி. நீங்க பாடினதுல இல்ல.

— *காத்து தின்ன வெளக்கை கடல் மேல பாத்தேன். ரொட்டி வாசம் வந்த பக்கம் படகைத் திருப்ப பயந்தேன்.*

— திருப்பிப் போடு தாயி.

— அக்கா, அழாதீங்க. இந்த அத்தியாயத்தையே எடுத்துடுறேன். திங்கக்கிழமை போனா போகட்டும்.

— எடுக்காதே. பேனாவைக் குடு, கையெழுத்துப் போடுறேன். இந்தக் கடைசிக் கண்ணியைப் பத்தி என்ன எழுதினே?

— அது... நீங்க மறந்துட்டீங்கன்னு.

— அதை மட்டும் அடிச்சிடு. நான் மறக்கல தாயி. அது எனக்கு வந்த பதிலு, இன்னிக்குத்தான் வந்து சேந்திருக்கு.