அஃப்ஸர் ஜஹான் மேடம் வராத ஸ்கேன் அறை

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடத்தின் கணவர் ஹயாத் பாஷா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மேடம் நடத்திய சனிக்கிழமை அறிவியல் வகுப்பில் என்னோடு படித்த பள்ளிக்கூடத்து தோஸ்துகளே! மிகுந்த மனவேதனையுடன் ஓர் அறிவிப்பு. மண்டபத்து வாசலில் நான் விட்டு வந்த செருப்புகளில் இடதுகால் செருப்பு சற்றுமுன் நம்மை விட்டுப் பிரிந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் செருப்பு தைத்து அனுப்பும் ஆம்பூரிலேயே இந்தக் கொடுமை! எடுத்தவர் தயவுசெய்து வலதையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒற்றையை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார், நான்தான் என்ன செய்வேன்?

சிரிக்கலாம், தப்பில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். அதைக் கண்டுபிடித்தவரே முனைவர் அஃப்ஸர் ஜஹான் மேடம்தான். "இன்னா ஜெயப்பிரகாஷ், இன்னிக்கு ஜோக் ஜாஸ்தியா இருக்கு? எதுக்குப் பயப்படறே?" என்பார். போன வியாழக்கிழமை மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. இன்று எனக்கு ஜோக் ரொம்பவே ஜாஸ்தி. எதற்குப் பயம் என்று கேட்கத்தான் ஆளில்லை.

யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை வேலூரில் என் அக்கா ஜோதிக்கு ஸ்கேன். ஏற்கெனவே இரண்டு முறை கரு நிற்கவில்லை. இது மூன்றாவது. கூட வந்து உட்காருகிறேன் என்று சொன்னவர் மேடம். இதை மேடையில் சொல்லலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "சொல்லுடா. என் மேல போட்ட பழி ஊருக்கே தெரியும். மேடம் சொன்னதும் தெரியட்டும்" என்றாள்.

அன்பர்களே, மேடம் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கறிக்கடையில் தூக்கிப் போடும் ஆட்டுச் சினைப்பையை வாங்கி வந்து, அதிலிருக்கும் முட்டை எப்படிப் பிரிகிறது என்று பார்த்தவர் அவர். ஆட்டின் தோலுக்கு இந்த ஊரில் ஆயிரம் பேர் உண்டு. ஆட்டின் முட்டைக்கு யார் இருந்தார்? அஃப்ஸர் ஜஹான் ஒருவர்தானே இருந்தார்!

சினைப்பை வாங்கிவர முதல் முறை அவர் அனுப்பியது என்னைத்தான். வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்தார். நான் கடைக்கார ஷாஹித் பாயிடம் ஃபிளாஸ்க்கை நீட்டி, "கெட்டுப்போகாம குடுங்க பாய்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர். கெட்டுப்போகக் கூடாதென்றால் இந்த ஊரில் என்ன செய்வோம்? தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, பதனிட டேனரிக்குப் போகும் தோலுக்குப் போடுகிற மாதிரி கல்லுப்பை அள்ளிப் போட்டு மூடிக் கொடுத்துவிட்டார்.

மேடம் திறந்து பார்த்தார். "இன்னாப்பா இது? முட்டைய டேனரிக்கா அனுப்பப் போறோம்?" கண்ணில் நீர் வரச் சிரித்தார். திட்டவில்லை. சுருங்கிப்போன முட்டை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எதுவும் அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒழுங்காக வாங்கி வந்தேன். மேடம் விளக்கினார். டேனரியில் ஈரத்தோலைச் சட்டத்தில் போட்டு, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் இழுத்து கிளிப் மாட்டுவார்களே, பார்த்திருப்பீர்கள். ஒருவர் கை தளர்ந்தால் தோல் கோணிக்கொள்ளும். முட்டைக்குள்ளும் இழைகள் உண்டு. அந்த இழைகளைப் பிடித்து நடக்கிற, இழுக்கிற, தள்ளுகிற குட்டி ஆட்கள்தான் மோட்டார் புரதங்கள். குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிப்பது அவர்கள் வேலை. மனித முட்டையில் இந்த ஆட்களில் ஒரு வகை மிகவும் கம்மி. அதனால் சட்டமே ஆடும். ஒரு குரோமோசோம் தப்பான பக்கம் போய்விடும். அப்படி ஆன கரு பெரும்பாலும் நிற்காது.

அன்று அக்கா ஷூ கம்பெனி வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். ஊருக்குப் போகும் மாதனூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தாமல், பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மேடம், எனக்கு ரெண்டு வாட்டியும் நிக்கல. கம்பெனி பஸ்ல குலுங்கிக் குலுங்கிப் போனதாலதான்னு மாமியார் சொல்றாங்க."

மேடம் ஸ்டூலை இழுத்து அக்காவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். "உன் முட்டை எப்போ பிரிய ஆரம்பிச்சுது தெரியுமா ஜோதி? நீ உங்க அம்மா வயித்துல இருக்கறப்பவே. ஆரம்பிச்சுட்டு பாதியில நிறுத்தி, இத்தினி வருஷம் காத்துகினு இருக்கு. அப்போ நீ எந்தக் கம்பெனி பஸ்ல போனே?"

அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

"உனக்கு நடந்தது இதுதான்னு டெஸ்ட் எடுக்காம நான் சொல்ல மாட்டேன். ஆனா பஸ் இல்ல. நீ செஞ்ச எதுவும் இல்ல. அடுத்த தபா ஸ்கேனுக்கு நான் பக்கத்துல வந்து உக்கார்றேன். உன்னைக் குத்தம் சொல்ல யாராவது வாயத் தொறந்தா, நான் பேசறேன்."

பெரியோர்களே! நாளைக்கு மேடத்துக்குப் பதிலாக யார் வாயைத் திறப்பது? திரையில் துடிப்பு தெரிந்தால் சரி. தெரியாவிட்டால்? மேடத்துக்கென்று நினைத்திருந்த நாற்காலியில் மாமியார் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருப்பாரே, அவர் "பஸ்" என்று ஆரம்பித்தால் யார் பதில் சொல்வார்? போன முறை ஸ்கேன் அறையிலிருந்து அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தவன் நான். இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் முடியாது.

ஆனாலும் அந்த வியாழக்கிழமையே மேடத்தின் துக்க வீட்டில், வகுப்புத் தோழர்கள் அத்தனை பேர் முன்னால் மார்தட்டினேன். "மேடம் இடத்துல நான் உக்கார்றேன். மோட்டார், இழை, முட்டை எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தம்மா ஒண்ணு கேட்டா நான் ஒம்பது சொல்வேன்" என்றேன். இந்த மேடையிலும் அதையே உறுதிமொழியாகச் சொல்லச் சொல்லித்தான் தோழர்கள் என்னை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மேடத்தின் பணியைத் தொடர்வோம்! தொடர்வோம்! தொடரத்தான் வேண்டும்!

ஆனால்... நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அக்காதான் மாமியார். இடுப்பில் கை வைத்து, "இன்னாடா, உங்கக்கா பஸ்ல குலுங்கிப் போனா கரு எப்படிடா நிக்கும்?" என்றாள். எனக்கு ஒரு ஜோக் கூட வரவில்லை. நேராக பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அக்கா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இழை என்றால் என்ன, யார் இழுக்கிறார்கள், எங்கே தளர்கிறது, அது ஏன் யாருடைய தப்பும் இல்லை என்று ஒன்று விடாமல் எனக்குச் சொன்னாள். நான் மறந்துபோனதையும் சேர்த்துச் சொன்னாள். நடுவில் ஒருமுறை மூக்கைச் சிந்தினாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

"பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்டா. நீ சும்மா கூட வந்து உக்காரு, போதும். இப்போ வெளிய வா" என்றாள்.

வந்தேன். கொஞ்சம் நேரமாகித்தான் வந்தேன். அதனால் என் உறுதிமொழியைத் திருத்திக்கொள்கிறேன்: நாளைக்குப் பேசப்போவது அக்கா, பக்கத்தில் உட்காரப்போவது நான்.