நாலு தந்தி கிடார்

கூட்டத்தில் நின்று பாட்டுக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, பேஸ் கிடார் என்று ஒன்று மேடையில் இருப்பதே தெரியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பாடகரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிப்பவரைப் பார்ப்பார்கள், ஓரத்தில் நிற்பவனைப் பந்தல் காலைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படி நின்றிருக்கிறேன் சார்.

என் பெயர் ஆதிநாராயணன். சொந்த ஊர் நகரி. வீட்டில் பவர்லூம். படித்தது தமிழ் மீடியம். தெலுங்கு நன்றாகப் பேசுவேன், எழுத வராது. அதனால் இதைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன், ஸ்டேஷனில் யாராவது மொழிபெயர்த்துக்கொள்வார்கள். இதை யாரும் என்னை மிரட்டி எழுதி வாங்கவில்லை. நானாக வந்து காகிதம் கேட்டேன். ரைட்டர் டீ வாங்கித் தந்தார், நல்ல மனிதர்.

திருப்பதியில் சிட்டிபாபு நடத்தும் மெல்லிசைக் குழுவில் நான்தான் பேஸ் கிடார். கல்யாணம், காலேஜ் விழா, கோயில் ஜாத்திரை என்று சித்தூர் ஜில்லாவில் நாங்கள் ஏறாத மேடை குறைவு. அப்போது என்னிடம் இருந்தது ஆறு தந்தி கிடார். உள்ளே பேட்டரி, வெளியே ஐந்து திருகு, கழுத்து நெடுக நீல விளக்கு. என் விரல் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நான் உள்ளே புகுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு வருவேன்.

சிட்டிபாபு ஒருநாள் சொன்னார்: "நல்லாத்தான் வாசிக்கிற ஆதி. நடுவுல பாட்டு எங்க பூட்ச்சின்னுதான் நான் தேடிக்கினு கீறேன்."

அதை நான் பாராட்டு என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தேன்மொழி வந்தாள். அரக்கோணத்துப் பெண், இருபத்தேழு வயது, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பேஸும் வாசிப்பாள், கோரஸும் பாடுவாள். சிட்டிபாபு என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீ ரிதம் கிடார் பிடித்துக்கொள் என்றார். சரி என்றேன். சண்டை போடவில்லை. குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவள் உறையைத் திறந்து கிடாரை வெளியே எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாலே தந்தி. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் நடுவில் ஒரே ஒன்று, அதுவும் இரண்டு துண்டாக. இரண்டு திருகு. ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று ஓசையின் கூர்மைக்கு. அந்த இரண்டாவதையும் அடியோடு அடைத்து வைத்திருந்தாள். தந்திகளுக்கு அடியில், கம்பெனியில் பார்சல் கட்டும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைச் செருகியிருந்தாள், ஓசை நீளாமல் இருப்பதற்கு. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய அமைப்பு. லாரிச் சாமான் ஏற்ற ஸ்கூட்டரில் வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன்.

சித்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். ஒரு டூயட்டில் ரிதம் கிடாருக்கு வேலை இல்லை என்பதால், பின்னாலிருந்த சாப்பாட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன். இலையில் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்கள். நடுவில் கனமான சுவர். பாடகர் குரல் அதைத் தாண்டவில்லை, கீபோர்டு தாண்டவில்லை. சுவரைத் தாண்டி வருவது எப்போதும் பேஸ் ஒன்றுதான்.

ஒரு ஸ்வரம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு அதே ஸ்வரம், மனசு எங்கே கேட்டதோ அங்கே. அதன் பிறகு பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக, உருண்டையாக, எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்தது. பாடகரே இல்லாமல் எனக்கு முழுப் பாட்டும் கேட்டது. ரசம் வாளியோடு வந்த ஆள் நின்றவாக்கில் குதிகாலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே தெரிந்திருக்காது. என் இலையில் சோறு ஆறிப்போனது. எனக்கு அழுகை வந்தது சார். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். இருபது வருடமாக நான் சத்தத்தைத்தான் போட்டிருக்கிறேன், அவள் பாட்டைப் போடுகிறாள் என்று தெரிந்துபோன அழுகை அது.

மறுவாரமே ஆறு தந்தியை வந்த விலைக்கு விற்றுவிட்டேன். அவளுடையதைப் போலவே ஒன்று வாங்கினேன். அதே மாதிரி, அதே மரம், அதே வழவழப்பான தந்தி. ஸ்பாஞ்சு கூட அவளிடமே ஒரு துண்டு வாங்கிச் செருகினேன். வீட்டில் மூன்று மாதம் வாசித்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் வாசித்தேன், தறியை நிறுத்திவிட்டும் வாசித்தேன். அந்த ஓசை வரவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அது அவளுடைய கிடாரில் இருக்கிறது. சில வாத்தியங்கள் அப்படி அமைந்துவிடும். ஒரே அச்சில் நூறு செய்தாலும் ஒன்றுதான் பேசும்.

ஒரு ஒத்திகையில் அதைக் கேட்டு வாங்கி வாசித்துப் பார்த்தேன். அன்று சரியாக வரவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்?

"கிடார்ல ஒண்ணும் இல்லண்ணா," என்றாள். "நீ ரெண்டு ஸ்வரம் எச்சா வாசிக்கிற. அத்த வுட்டுடு, தானா வரும்."

"எந்த ரெண்டு?"

"அது உனுக்குத்தான் தெரியும்," என்று சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அவளிடம் கெட்ட எண்ணமே கிடையாது, அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

இந்த வருடம் ஜாத்திரை சீசன் தொடங்கும்போது கம்பெனி அவளைப் புனேக்கு மாற்றியது. பெரிய பதவி. சித்தூர் பக்கத்துக் கங்கம்மா கோயில் மேடைதான் அவளுக்குக் கடைசி என்றாகிவிட்டது. பேஸ் மறுபடியும் உனக்குத்தான் என்று சிட்டிபாபு சொன்னார். ஆகவே என் இடத்தைப் பிடிப்பதற்காகச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இடம் கேட்காமலே திரும்பக் கிடைத்திருந்தது.

நான் கேட்டது கிடாரை மட்டும்தான். "நீ புனேயில போயி எங்க வாசிக்கப் போற தேனு? இத்த இங்கயே வுட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்."

"வேற இன்னா வேணா கேளுண்ணா. இது மட்டும் வேணாம்."

நான்கு தடவை கேட்டேன். நாலாவது தடவை அவள் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கிடாரை உறையில் போட்டு மூடினாள். அந்தக் கிடார் புனேயில் ஒரு ஹாஸ்டல் கட்டிலுக்கடியில் கிடக்கப்போகிறது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருபவள் அதை எப்போது தொடுவாள்? இதை நினைத்து எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. நீங்கள் இசைக்காரர் இல்லை, உங்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது.

இப்போது எங்கள் மேடை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோயில் மேடைகளில் கரண்டை நம்ப முடியாது. சவுண்டு செட்காரர் தரையில் இரும்புக் கம்பி அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த் எடுப்பார். அது சரியாக அமையாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் ஏறி, அதிலிருந்து கிடார் தந்திக்கு வந்துவிடும். பலகைமேல் நின்று தந்தியை மட்டும் தொட்டால் தெரியாது, கை தந்தியிலும் வாய் மைக்கிலும் சேர்ந்து பட்டால்தான் இழுத்துக்கொள்ளும். போதாததற்கு அம்மன் எதிரே இருக்கும் மேடையில் செருப்புப் போடக் கூடாது. கச்சேரிக்கு முன்னால் பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் ஊற்றுவார். அதனால் வாசிக்கிறவர்களில் ஒருவர் முதலில் ஏறி, தந்தியைப் பிடித்துக்கொண்டு புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். தேன்மொழிக்கு ஒருமுறை உதட்டில் சுருக்கென்று அடித்ததிலிருந்து அவளுக்கு பயம். ஷிஃப்டு முடிந்து கடைசி நேரத்தில்தான் வருவாள். ஆகவே அவளுக்காகவும் நானே தொட்டுப் பார்ப்பேன். வந்ததும் "பாத்தியாண்ணா?" என்பாள். நான் தலையாட்டுவேன். அதற்குப் பிறகுதான் மைக்கிடம் போவாள்.

அன்று கிடாரை முந்தின நாளே சிட்டிபாபு வேனில் போட்டு அனுப்பியிருந்தாள். ஐந்து மணிக்கு நான் மேடை ஏறினேன். பூசாரி இன்னும் வரவில்லை, பலகை காய்ந்திருந்தது. அவள் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கைப் புறங்கையால் தொட்டேன். முழங்கை வரை உதறியது. காய்ந்த பலகையிலேயே அப்படி. கீழே சவுண்டு செட் சுதீர் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த இடம் பாறை, கம்பி அரை அடிக்கு மேல் இறங்கவில்லை, அப்படியே விட்டுவிட்டான். அது அவன் தப்பு, அதை நான் மறைக்கப் போவதில்லை.

"எர்த் எலா உந்தி அன்னா?" என்று கேட்டான், எர்த் எப்படி இருக்கிறது என்று.

"பாகுந்தி," என்றேன். நன்றாக இருக்கிறது என்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ரைட்டர் கேட்டார். திட்டம் எதுவும் இல்லை. அந்த நேரத்துக்கு அந்த வார்த்தை வந்தது. அதன் பிறகு மாற்றிச் சொல்ல முக்கால் மணி நேரம் இருந்தது. நான் போய் ஒரு டீ குடித்தேன், பன் தின்னலாமா வேண்டாமா என்று யோசித்தேன், திரும்பி வந்து என் கிடாருக்குச் சுருதி சேர்த்தேன். என் கிடார் வேறு ஆம்ப்ளிஃபயரில் இருந்தது.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்தாள். கம்பெனிச் சட்டையைக் கூட மாற்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயில் கால் கழுவிக்கொண்டு, ஈரக் காலோடு மேடை ஏறினாள். பலகையில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது.

"பாத்தியாண்ணா?"

தலையாட்டினேன்.

முதல் பாட்டு அம்மன் பாட்டு. அதில் அவளுக்குக் கோரஸ் கிடையாது. இரண்டாவதில் உண்டு, முதல் சரணம் முடிந்த பிறகு. அதுவரை மைக்கிலிருந்து ஒரு கை தள்ளியே நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். எத்தனை தாளம் மீதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் என் கிடாரை நிறுத்திவிட்டேன், குறுக்கே அது எதற்கு? அவள் வாசிப்பை மட்டும் கேட்டேன். சித்தூர் கல்யாணத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதைவிட நன்றாக இருந்தது. ஒரு ஸ்வரம் கூட அதிகம் இல்லை. அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. ஜாத்திரைக்கு வந்திருந்த அத்தனை பேரில் அதை முழுசாகக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

சரணம் முடிந்தது. அவள் மைக்கிடம் குனிந்தாள்.

அலறல் எதுவும் இல்லை. பேஸ் நின்றது, அவ்வளவுதான். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏனென்று தெரியாமல் நின்றார்கள். பிறகு அவள் விழுந்தாள். சுதீர் ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டான். நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கிடாரைத் தூக்கினேன். அந்த அவசரத்தில் யாராவது மிதித்துவிடக் கூடாது.

மேடைக்குப் பின்னால் வேன் ஓரமாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். கரண்ட் இல்லை என்றால், கிடாரின் மேல் மூலையில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்போம், எலும்பு வழியாகக் கேட்கும். தந்தியில் இன்னும் அவள் கைச்சூடு இருந்தது. நான் வாசித்தது நான் வாசித்தது மாதிரியேதான் கேட்டது. சுற்றிலும் அத்தனை அழுகை, கத்தல், அதில் எப்படித் தெரியும்? பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சிட்டிபாபு வந்து சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

சுதீர் இரண்டு மாதமாக உள்ளே இருக்கிறான். வருத்தம்தான். ஆனால் நான் இங்கே வந்தது அவனுக்காக என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம் ஆகிவிடும்.

போன வாரம் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தபோது, வழக்குச் சாமான்களை வைக்கும் அறை திறந்திருந்தது. அன்றிரவு என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுபோன அவள் கிடார் ஜன்னலை ஒட்டி, சுவரில் சாய்ந்திருந்தது. தந்திகளை யாரும் தளர்த்தவில்லை. அந்த வெயிலில் முழு இழுவையோடு இப்படியே நின்றால், கழுத்து வளைந்துவிடும் சார். வளைந்தால் போயிற்று. மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். வழக்கு முடிகிற வரை சாமானை யாரும் தொடக் கூடாது என்றார்கள். எத்தனை நாள் என்றேன். சுதீர் ஒப்புக்கொள்ளவில்லை, நாலைந்து வருடம் இழுக்கும், குற்றவாளி தானே ஒப்புக்கொண்டால்தான் சட்டென்று முடியும் என்றார் ரைட்டர்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தந்தியில் கரண்ட் இருப்பது தெரிந்தும் இல்லை என்று தலையாட்டி, தேன்மொழியைக் கொன்றவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. என்ன தண்டனை என்றாலும் மேல் கோர்ட்டுக்குப் போக மாட்டேன்.

இன்றைக்கே யாரையாவது விட்டு நாலு தந்தியையும் இரண்டு சுற்று தளர்த்தச் சொல்லுங்கள். வழக்கு முடிந்ததும் அதை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தம்மாள் அதற்கு மாலை போட்டு மூலையில் சாத்தி வைத்துவிடுவார்கள். எனக்குக் கொடுங்கள், எத்தனை வருடம் கழித்து என்றாலும் பரவாயில்லை. அந்த ஓசை அதற்குள்தான் இருக்கிறது, என் கைக்கு வர இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.