துண்டுக்கடியில் பொய் இல்லை

— புரை எடுக்க ஒரு கண்ணுக்கு எண்பதாயிரம்னு டாக்டர் சொன்னதும், ஜோடியா எடுத்தா எவ்வளவு கழிவு தருவீங்கன்னு கேட்ட ஆளு இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான். கையை நீட்டுங்க.

— கேட்டதுல என்ன தப்பு? இத்தனை வருஷமா ரத்தினக் கல்லு விக்கறேன். சொன்ன விலைக்கே வாங்கிட்டா, வித்தவனுக்குத் தூக்கம் போயிரும், இன்னும் கூடக் கேட்டிருக்கலாமோன்னு. டாக்டர் நல்லாத் தூங்கணும்னுதான் கேட்டேன்.

— அந்த நர்ஸ் பொண்ணு சிரிப்பை அடக்க முடியாம வெளியே ஓடிப்போச்சு. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியலை. சட்டைக் கையை ஏத்துங்க. கால் மேல கால் போடாதீங்க.

— என் வீடு, என் கட்டில், என் காலு.

— உங்க காலுதான், யாரு இல்லைன்னா? கால் மேல கால் போட்டாலும் பிரஷர் ஏத்திக் காட்டுமாம், பேசினாலும் ஏத்திக் காட்டுமாம், ஒண்ணுக்கு அடக்கி வச்சிருந்தாலும் ஏத்திக் காட்டுமாம். போயிட்டு வந்தீங்களா?

— கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இதையெல்லாம் கேக்கற நிலைமை வந்திருச்சா? வந்தாச்சு மகராசி, வந்தாச்சு.

— அப்போ வாயை மூடுங்க. பட்டனை அமுக்கறேன்.

— இந்தப் பட்டை இறுக்கறதைப் பாத்தா, கடன் குடுத்தவன் நடுத்தெருவுல கையைப் பிடிச்ச மாதிரி…

— மூடுங்கன்னேன்ல! … நூத்தி எண்பத்திரண்டு.

— ரொம்பச் சொல்லுது. கடைசி விலை கேளு.

— மிஷின்கிட்ட பேரமா?

— இன்னும் ரெண்டு தரம் பாரு. மூணுல எது குறைச்சலோ அதை எழுதிக்கோ. எந்தச் சரக்குக்கும் மொதல்ல சொல்ற விலை விலையே இல்லை.

— நல்லா இருக்கே கதை. போன மாசம் இப்படித்தானே குறைஞ்சதை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினீங்க? அவங்களும் நம்பி ஆபரேஷனுக்கு நாள் குடுத்தாங்க. பச்சை அங்கியைப் போட்டு, மேஜையில படுக்க வச்சு, அவங்க மிஷின்ல பாத்தா நூத்தித் தொண்ணூறு. எந்திரிச்சு வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. நாளைக்குக் காலையிலயும் அப்படி ஆச்சுன்னா?

— இன்னொரு நாள் குடுப்பாங்க.

— குடுக்க மாட்டாங்க. நூத்தி அறுபதுக்குள்ள இருந்தாத்தான் கண்ணுல கை வைப்பேன்னு கண் டாக்டர் சொல்லிட்டார். போன வாரம் எதிர்க்கடைத் தரகன் ஒரு கல்லு கொண்டுவந்தானே, என்ன நிறம்னு சொன்னீங்க?

— மஞ்சள்.

— வெள்ளைங்க அது. தண்ணி மாதிரி வெள்ளை.

— வெளிச்சம் சரியில்லை.

— பட்டப்பகல். அவன் போகும்போது என்கிட்ட வந்து, "அக்கா, அண்ணனைத் தனியா கடையில உக்கார வைக்காதீங்க, எவனாவது கண்ணாடித் துண்டைத் தலையில கட்டிருவான்"னு சொல்லிட்டுப் போறான்.

— மொதல்ல கட்டறவன் அவனாத்தான் இருப்பான்.

— சிரிக்காதீங்க. கல்லு பாக்கத் தெரியாத கல்லு வியாபாரி என்ன பண்ணுவார்? வீட்டுல உக்காந்து என் சமையல்ல குத்தம் கண்டுபிடிப்பார். என்னால தாங்க முடியாதுங்க.

— உப்பே போடாத சமையல்ல குத்தம் வேற தனியாக் கண்டுபிடிக்கணுமா?

— அதைத்தான் சொல்ல வர்றேன். உப்பைக் குறைச்சாச்சு. ஊறுகாயை உங்க கண்ணுக்கு எட்டாத இடத்துல வச்சாச்சு.

— என் கண்ணுக்கு எட்டற இடம்னு இப்ப எது இருக்கு?

— சிகரெட்டை விட்டாச்சு. அந்தச் சனிக்கிழமைக் கூட்டாளிங்களையும் அவங்க பாட்டிலையும் வாசலோட நிறுத்தியாச்சு. காலையில போட்ட மாத்திரை மறுநாள் விடியறதுக்குள்ள வேகம் தீந்துபோகுதுன்னு பிரஷர் டாக்டரே அதை ராத்திரிக்கு மாத்திட்டார். குளிர் பட்டா ஏறும்னு ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டிருக்கேன், பாக்கறவங்க நம்ம வீட்டுல என்னமோ ஒளிச்சு வச்சிருக்கோம்னு நினைக்கறாங்க. இத்தனைக்கும் சாயங்காலம் பாத்தா நூத்தி முப்பத்தஞ்சு, பூனை மாதிரி இருக்கு. விடிஞ்சா புலி. ஏங்க?

— அந்தப் பிரஷர் டாக்டர்தான் சொன்னாரே. விடியக்காலையில எல்லா மனுஷனுக்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். உடம்பு கடை திறக்கற நேரம். ஷட்டரைத் தூக்கணும்ல?

— கொஞ்சம்னுதான் சொன்னார். நீங்க ஷட்டரோட சேத்துக் கடையையே தூக்கறீங்க. சரி, இதைச் சொல்லுங்க. போன வாரம் ஒரே ஒரு நாள் காலையில நூத்தி நாப்பத்தெட்டு வந்துச்சு. அதே மாத்திரை, அதே உப்பு, அதே கம்பளி. அன்னைக்கு மட்டும் என்ன பண்ணீங்க?

— ஒண்ணும் பண்ணலை.

— ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பறீங்க?

— மிஷினைப் பாக்கறேன்.

— மிஷின் இந்தப் பக்கம் இருக்கு. ராத்திரி ஒழுங்காத் தூங்கறீங்களா இல்லையா?

— கட்டை மாதிரித் தூங்கறேன்.

— சரி. அந்தத் துண்டை எடுங்க.

— எந்தத் துண்டு?

— உங்க தோள்ல கிடக்கே, அதேதான். கை மேல போடுங்க. உள்ள விரலைக் கொடுங்க.

— ஏ, இது வியாபாரம் பேசற துண்டு. வீட்டு விஷயத்துக்கெல்லாம்…

— நானும் கல்லு வியாபாரி பொண்ணுதான். பள்ளிக்கூடத்துல எண்ணு படிக்கறதுக்கு முன்னாடி எங்கப்பா கடையில துண்டுக்கடியில விரல் பிடிச்சு விலை படிச்சவ. வாய் எவ்வளவு வேணாலும் புளுகலாம், துண்டுக்கடியில விரல் பொய் சொல்லக் கூடாது. சொன்னவன்கூட அப்புறம் எவனும் கல்லு பேச மாட்டான். உண்டா இல்லையா?

— உண்டு.

— அப்போ கொடுங்க. ராத்திரி எத்தனை தரம் முழிச்சுக்கறீங்க?

— ஒரு கேள்விதான், அப்புறம் காபி.

— கொடுங்க. ஒண்ணு… ரெண்டு… மூணு. என்னங்க, இன்னும் அமுக்கறீங்க? நாலு. அஞ்சா? தெனமுமா?

— கையை விடு மகராசி. வலிக்குது.

— வலிக்கட்டும். அஞ்சு தரம் எந்திரிச்சு என்ன பண்றீங்க? பாத்ரூம் விளக்கு எரிஞ்சு நான் பாத்ததே இல்லையே.

— எங்கயும் போறதில்லை. இங்கயேதான்.

— இங்கயேன்னா?

— உன் மூக்குக்குப் பக்கத்துல கையை வச்சுப் பாப்பேன்.

— என்னது?

— மூச்சு வருதான்னு.

— எதுக்குங்க?

— உங்க அக்கா போனதுக்கு மறுநாள் சகலை என் தோள்ல சாஞ்சு என்ன சொன்னான் தெரியுமா? "ஒரே கட்டில்தான் சகலை, பக்கத்துலதான் படுத்திருந்தேன். விடிஞ்சு காபி போட்டு எடுத்துட்டு வந்து எழுப்பினப்புறம்தான் தெரிஞ்சுச்சு. எப்போ போனான்னுகூட எனக்குத் தெரியலை"ன்னான். நல்லாத் தூங்கினேனேன்னு சொல்லிச் சொல்லி அழுதான். அன்னையிலேர்ந்து எனக்கு…

— அக்காவுக்கு இதயத்துல கோளாறு இருந்துச்சுங்க. எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்.

— கல்லைப் பத்தி எனக்குச் சொல்றியா? வெளியே பளபளன்னு இருக்கும், உள்ள விரிசல் எங்க இருக்குன்னு பாக்கக் கண்ணு வேணும். இப்போ இருக்கற கண்ணுல எனக்கு உன் நெஞ்சு ஏறி இறங்கறதுகூடத் தெரியமாட்டேங்குது. விடிவிளக்கைப் போட்டாலும் ஒரே பனிமூட்டம். அதான் கையை வச்சேன்.

— அப்போ அந்தக் கொசு…

— எந்தக் கொசு?

— போன வாரம் மூக்குக்கிட்ட என்னமோ ஊருதுன்னு தூக்கத்துல ஓங்கி ஒண்ணு போட்டேனே!

— அது கொசு இல்லை. முழங்கை வரைக்கும் அதிர்ந்துச்சு. அடேயப்பா, இவ நம்மையே எடுத்துப் புதைச்சிட்டுத்தான் போவான்னு அவ்வளவு நிம்மதி. அப்புறம் விடியற வரைக்கும் தூங்கினேன்.

— அன்னைக்குத்தான் நூத்தி நாப்பத்தெட்டு.

— அன்னைக்குத்தான்.

— அட மனுஷா. இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை?

— என்னன்னு சொல்லச் சொல்ற? பொண்டாட்டி மூக்கைப் பிடிச்சுப் பாக்கறேன், அதுக்கு ஒரு மாத்திரை குடுங்கன்னா? மொதல்ல இவ்வளவு மோசமா இல்லை. ராத்திரி முழிப்பு வந்தாலும் நீ குறட்டை விட்டுக்கிட்டு இருப்ப. சரி, இருக்கான்னு திரும்பிப் படுத்துருவேன். இந்த ஒரு மாசமாத்தான் சத்தமே இல்லை. வீடே அடங்கிப்போய்க் கிடக்கு. என்ன ஆச்சோ, ஏது ஆச்சோன்னு…

— ஐயோ.

— என்ன ஐயோ?

— அது நான் பண்ணின வேலைங்க.

— எது?

— போன மாசம் மேஜையிலேர்ந்து எழுப்பி அனுப்பினாங்கல்ல. அன்னைக்கு உங்களை வெளியே உக்கார வச்சிட்டு பிரஷர் டாக்டர் என்கிட்ட, "ராத்திரித் தூக்கம் கெட்டாலும் காலையில இப்படி ஏறும், வீட்டுல அவர் தூக்கத்தைக் கெடுக்கற மாதிரி சத்தம் ஏதாவது இருக்கா"ன்னு கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போச்சு. நான்தானே அந்தச் சத்தம்?

— அவர்கிட்ட சொன்னியா?

— எப்படிங்க சொல்றது, ஆம்பளைகிட்ட? தெருவுல லாரி போகும்னு சொல்லிட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து முதுகுக்குப் பின்னாடி அந்த உருட்டுத் தலகாணியை வச்சு, மல்லாந்து புரள முடியாத மாதிரி ஒருக்களிச்சுப் படுத்துப் பழகினேன். தோள்பட்டை மரத்துப்போகும். சத்தம் நின்னுபோச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

— நான் தூங்கணும்னு நீ குறட்டையை நிறுத்தின.

— ஆமாங்க.

— நீ நிறுத்தினதால நான் தூங்கலை.

— ஆமாங்க.

— தூங்காததால பிரஷர். பிரஷரால கண்ணு இல்லை. கண்ணு இல்லாததால உன் மூச்சு தெரியலை. அது தெரியாததால தூக்கம் இல்லை. ரெண்டு வியாபாரி வீட்டு ஆளுங்க சேந்து பண்ணின வியாபாரத்தைப் பாரு. எதிர்க்கடைத் தரகனுக்குத் தெரிஞ்சா, கடையை மூடிட்டு வந்து சிரிப்பான்.

— இன்னைக்கு ராத்திரி தலகாணியைத் தூக்கிப் பரண்ல போடறேன். மல்லாந்து படுக்கறேன். பழையபடி லாரி போகும். நீங்க தூங்குங்க. நாளைக்குக் கண்ணு நமக்குத்தான்.

— வாக்கு?

— துண்டுக்கடியில வேணா தர்றேன்.

*

— எந்திரிங்க. மெதுவா, மெதுவா! படக்குனு குதிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இப்போ வந்துரும். கையை நீட்டுங்க.

— விடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா? என்ன தூக்கம்டா சாமி! ராத்திரி பூரா ஒரே ஓட்டமா லாரி ஓடிக்கிட்டே இருந்துச்சு. நடுவுல ஒரே ஒரு தரம் நின்ன மாதிரி இருந்துச்சு, கையை நீட்டறதுக்குள்ள மறுபடி கிளம்பிருச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது.

— பேசாதீங்க. அமுக்கிட்டேன். … என்னங்க! நூத்தி நாப்பத்தாறு!

— நிஜமாவா?

— உங்க திருப்திக்கு இன்னும் ரெண்டு தரம் பாக்கட்டுமா?

— வேண்டாம். சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்.

— அப்பாடா. எங்கப்பா இருந்து இதைக் கேட்டிருக்கணும். கிளம்புங்க, சட்டை மாத்துங்க.

— உன் குரல் ஏன் இப்படிக் கரகரன்னு இருக்கு?

— குளிர்.

— ஜன்னல்லதான் கம்பளி தொங்குதே.

— ஓட்டை இருக்கும். வண்டிச் சத்தம் கேக்குது பாருங்க, வாங்க.

— வண்டி நிக்கட்டும். அந்தத் துண்டை இப்படிக் கொடு. கையை உள்ள விடு.

— நல்ல நேரம் பாத்தீங்க விளையாட. எதுக்கு?

— ராத்திரி நீ எத்தனை மணி நேரம் தூங்கின?

— நல்லாத் தூங்கினேன்.

— அது வாய். விரல் என்ன சொல்லுது? … ஏய், எதுக்குக் கையை மூடி வச்சிருக்க? விரலை நீட்டு.

— நீட்டறதுக்கு ஒண்ணும் இல்லைங்க.

— ஒரு விரல்கூடவா? அப்போ அந்தக் குறட்டை?

— மல்லாந்துதான் படுத்தேன். வரலை. ஒரு மாசம் அடக்கி வச்சது, கூப்பிட்ட உடனே வந்துருமா? நீங்க புரள ஆரம்பிச்சிட்டீங்க. அதான் வாயாலயே குறட்டை போட ஆரம்பிச்சேன். தொண்டை வறண்டு ஒரு வாய் தண்ணி குடிக்க நிறுத்தினேன், உடனே உங்க கை கிளம்பிருச்சு. செம்பைக் கீழ வச்சிட்டு மறுபடி பிடிச்சேன். … என்னங்க, கண்ணைத் துடைக்காதீங்க, டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாதுன்னிருக்கார். கையை விடுங்க, வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான்.

— அடிக்கட்டும், கணக்கைச் சொல்லிட்டு வர்றேன்: என் பக்கம் வரவு ஒரு கண்ணு, ஒரு முழு ராத்திரித் தூக்கம், உன் பக்கம் வரவு வெறுங்கை, கண்ணுக்கட்டைப் பிரிச்ச அன்னைக்கு நீ பாட்டுக்குச் சத்தமே இல்லாமத் தூங்கு, அந்தப் புதுக் கண்ணால உன் நெஞ்சு ஏறி இறங்கறதை நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், அப்படியும் பாக்கி ஒரு ராத்திரி என் பேர்லயே நிக்கட்டும்.